வரவறிந்து வாழ்தல்

பாடம் 9 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• வரவு, செலவு, இருப்பு முதலிய சொற்களின் பொருளறிந்து பயன்படுத்துதல்.
• ஒரு வீட்டின் மாதக் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளுதல்.
• கணக்கிலிருந்து முடிவு காணுதல். அம்முடிவைப் பிழையற்ற தமிழில் எழுதுதல்.

நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும்

2017ஆம் ஆண்டு முதல், பொதுவாகப் பிப்ரவரி முதல் நாளன்று, நடுவண் அரசின் நிதியமைச்சர் தில்லி நாடாளுமன்றத்தில் நாட்டின் நிதிநிலை அறிக்கையை அளிக்கிறார். வரும் ஏப்ரல் முதல் நாள் தொடங்கி அடுத்த மார்ச் 31 வரை நாட்டுக்கு எவ்வளவு பணம் வரும், அப்பணம் எவ்வெவற்றுக்குச் செலவாகும் என்பதை அவ்வறிக்கை முன்கூட்டியே தெரிவிக்கிறது. இதனை வரவு செலவுத் திட்டம் என்றும், பேச்சு வழக்கில் பட்ஜெட் என்றும் கூறுவர்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோயம்புத்தூரில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். 1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 மார்ச் 31 வரையிலான ஏழரை மாதங்களுக்கு உரிய திட்டம் அது. பிரிவினையின் துன்பம் தீராத காலம் அது. ஆயினும், அத்தகைய நெருக்கடியிலும் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு என்ற கணக்கு நாட்டின் முன் வைக்கப்பட்டது.

நாட்டுக்கும் வீட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பணம் போதாதபோது அரசு புதிய வரி விதிக்கலாம். வீட்டுக்கு அவ்வுரிமை இல்லை. மாத ஊதியம் வரையறுக்கப்பட்டது. அதற்குள்தான் வாழ வேண்டும். ஆதலால், கணக்கு நாட்டைவிட வீட்டுக்கு இன்னும் தேவையானது.

கணக்கு எழுதிய மரபு

கணக்கு எழுதுதல் தமிழருக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயிலுக்குக் கிடைத்த கொடைகள், அணிகலன்களின் எடை, கோயில் பணியாளருக்கு அளக்கப்பட்ட நெல் ஆகியவை அவற்றில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பெற்றதையும் கொடுத்ததையும் யாவரும் காணுமாறு கல்லிலே எழுதி வைத்தனர்.

பிற்காலத்தில் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்று வணிகம் செய்த நகரத்தார், கணக்கில் பெயர் பெற்றவர்கள். அவர்தம் பிள்ளைகள் இளமையிலேயே கடைகளில் அமர்ந்து கணக்கு பயின்றனர். பேரேடு, ஐந்தொகை முதலிய சொற்கள் அவர்களது தொழிலில் நாள்தோறும் வழங்கியவை. கடல் கடந்து வாழ்ந்தபோதும் கணக்கின் வழியே அவர்கள் சொந்த ஊருடன் தொடர்பு கொண்டிருந்தனர்.

பெரிய வணிகம் இல்லாத வீடுகளிலும் சேமிப்பு இருந்தது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் தனியே சேர்த்து வைத்த சிறு பணத்துக்குச் சிறுவாடு என்று பெயர். பருப்புப் பானையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் இருந்த அச்சிறுவாடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும் மருந்தாகவும் பலமுறை உதவியதுண்டு.

விடையில்லாத ஒரு வினா

தில்லியில் மயூர் விகார் பகுதியில் வாடகை வீட்டில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கணக்கு இப்பாடத்தில் எடுத்துக்காட்டாக அமைகிறது. தந்தை தனியார் நிறுவனம் ஒன்றில் கிடங்குப் பொறுப்பாளர். தாய் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுக்கிறார். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் நான்காம் வகுப்பிலும் பயில்கின்றனர். தந்தையின் தாயார் தஞ்சாவூருக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழ்கிறார்.

இக்குடும்பத்தில் வீண் ஆடம்பரம் இல்லை, கடனும் இல்லை. எனினும் இரண்டு கோடை விடுமுறைகள் கழிந்தும் அவர்களால் ஊருக்குச் செல்ல இயலவில்லை. மே மாதம் வரும்போது பயணத்துக்குப் பணம் இருப்பதில்லை. பாட்டி ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். "கண்ணு, இந்த ஆண்டாவது வருவாயா?" என்று அவர் தமிழில் கேட்பதற்குப் பேரன் இந்தியில் விடை கூறத் தொடங்கியிருந்தான். பாட்டிக்கு இந்தி தெரியாது. தாய் அருகிலிருந்து அதனைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு நாள் இரவு உணவின்போது மகள் வினவினாள். "அப்பா, நாம் ஏன் ஊருக்குப் போவதில்லை?"

"கையில் பணம் தங்கவில்லை, அம்மா."

"தங்காமல் எங்கே போகிறது, அப்பா?"

தந்தையால் விடை கூற இயலவில்லை. வாடகை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். பாட்டிக்கு அனுப்பும் தொகையும் தெரியும். மற்றவை எங்கே போயின என்று அவருக்கு மட்டுமன்று, வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மறுநாள் தாய் ஒரு நீண்ட குறிப்பேட்டை வாங்கி வந்தார்.

முதல் மாதம்: எழுதுதல் மட்டும்

சூன் மாதம் முழுவதும் செலவைக் குறைக்க முயலுவதில்லை. எழுதுவது மட்டுமே வேலை என்று அவர்கள் முடிவு செய்தனர். அதற்கு நான்கு விதிகளை வகுத்துக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினர்.

1. அன்றைய செலவை அன்றே எழுத வேண்டும்.
2. பத்து ரூபாய் ஆயினும் விடுதல் ஆகாது.
3. அவரவர் செலவை அவரவரே கூற வேண்டும்.
4. எழுதிய செலவுக்காக எவரையும் கடிந்துகொள்ளக் கூடாது.

நான்காம் விதி தாய் கூறியது. கடிந்துகொள்வார்கள் என்ற அச்சம் இருந்தால் செலவு குறையாது, மறைக்கப்படும். மறைக்கப்பட்ட செலவு உள்ள கணக்கு யாருக்கும் பயன்படாது.

அலைபேசி வழியே செலுத்தும் பணத்தை எழுதுவதுதான் முதலில் கடினமாக இருந்தது. இந்தியாவில் யுபிஐ முறை 2016இல் அறிமுகமானது. அதன் பின் காய்கறி வண்டிக்காரர் முதல் பெரிய கடை வரை அலைபேசியிலேயே பணம் செலுத்தும் வழக்கம் பரவிவிட்டது. பணப்பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுக்கும்போது பை மெலிவது கண்ணுக்குத் தெரியும். அலைபேசியில் செலுத்தும்போது அது தெரிவதில்லை. ஆயினும் அதில் ஒரு நன்மை உண்டு: ஒவ்வொரு செலவும் நாளோடும் நேரத்தோடும் அதில் பதிவாகியிருக்கும். மகள் இரவுதோறும் அப்பதிவுகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதினாள்.

சூன் மாதக் கணக்கு

வரவு (ரூபாயில்)
தந்தையின் ஊதியம் – 42,000
தாயின் தையல் வருவாய் – 6,000
மொத்த வரவு – 48,000

செலவு (ரூபாயில்)
வீட்டு வாடகை – 14,000
அரிசி, மளிகை – 8,100
பால், காய்கறி, பழம் – 5,900
மின்சாரம், நீர், சமையல் எரிவாயு – 2,900
பள்ளிச் செலவு – 2,200
போக்குவரத்து – 3,600
பாட்டிக்கு அனுப்பியது – 4,000
மருத்துவம் – 700
அலைபேசி, இணையம் – 1,000
பிற செலவுகள் – 5,600
மொத்தச் செலவு – 48,000

இருப்பு – இல்லை

கணக்கு கூறிய செய்தி

வரவும் செலவும் ஒத்திருந்தன. கடன் ஏற்படாததற்கும் சேமிப்பு இல்லாததற்கும் காரணம் அதுவே. வாடகைக்கு அடுத்தபடியாக மளிகையும், அதற்கடுத்துக் காய்கறியும் பெருந்தொகைகள், அவை எதிர்பார்த்தவை. எதிர்பாராதது 'பிற செலவுகள்' என்ற வரி. அது பாட்டிக்கு அனுப்பும் தொகையைவிட மிகுதியாக இருந்தது. எனவே அதனை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தனர்.

வெளியிலிருந்து வரவழைத்த உணவு – 2,600
அலைபேசி வழியே வாங்கிய பொருள்கள் – 1,300
தேநீர், தின்பண்டம் – 900
நண்பர் வீட்டு நிகழ்ச்சிக்கு அன்பளிப்பு – 500
எதற்கென்று நினைவில்லாதவை – 300

போக்குவரத்துச் செலவிலும் ஒரு செய்தி இருந்தது. மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் 2,400 ரூபாய் ஆயிற்று. எஞ்சிய 1,200 ரூபாய் ஆட்டோவுக்குப் போயிருந்தது. தந்தை அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் புறப்பட்ட நாள்களில் மெட்ரோ நிலையம் வரை ஆட்டோவில் சென்றிருந்தார். ஒரு முறைக்கு 60 ரூபாய். அம்மாதத்தில் 20 முறை. "ஒரு நாளைக்கு அறுபது ரூபாய் என்று பார்த்தேன், இருபது நாளைக்கு என்று பார்க்கவில்லை" என்றார் தந்தை.

மளிகையில் வேறொரு குறை தெரிந்தது. பட்டியல் இல்லாமல் கடைக்குச் சென்றதால் இருந்த பருப்பையே மீண்டும் வாங்கியிருந்தனர். வாங்க வேண்டிய எண்ணெயைப் பின்னர்ச் சிறு பொட்டலங்களாகக் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தனர்.

இவற்றுள் எதுவும் பெரும்பிழை அன்று. களைத்து வந்த நாளில் வெளியிலிருந்து உணவு வரவழைப்பது தவறாகாது. ஆயினும் அச்செலவை எவரும் எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஊருக்குச் செல்வதற்கு மாறாக ஆட்டோவையும் வெளியுணவையும் அவர்கள் விரும்பவில்லை. அறியாமலேயே அவை முந்திக்கொண்டன. கணக்கு இதனைக் கண்முன் காட்டியது.

அஞ்சறைப்பெட்டி போன்ற திட்டம்

அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை, சீரகத்துக்கு ஓர் அறை, மிளகுக்கு ஓர் அறை. ஒன்று மற்றொன்றின் அறைக்குள் செல்வதில்லை. மாதம் பிறந்ததும் வரவை அவ்வாறே அறை அறையாகப் பிரித்து வைப்பதே வரவு செலவுத் திட்டம். எஞ்சினால் சேமிப்போம் என்று இருந்தால் எதுவும் எஞ்சாது. எனவே சேமிப்புக்கும் ஓர் அறையை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

சூலை மாதத்துக்கு அவர்கள் வகுத்த திட்டம் பின்வருமாறு.

வீட்டு வாடகை – 14,000
அரிசி, மளிகை – 7,500
பால், காய்கறி, பழம் – 5,500
மின்சாரம், நீர், சமையல் எரிவாயு – 2,800
பள்ளிச் செலவு – 2,200
போக்குவரத்து – 2,500
பாட்டிக்கு அனுப்புவது – 4,000
மருத்துவம் – 1,000
அலைபேசி, இணையம் – 1,000
பிற செலவுகள் – 2,500
ஊர்ப் பயண நிதி – 2,000
இடர்கால நிதி – 3,000
மொத்தம் – 48,000

வருவாய் ஒரு ரூபாயும் கூடவில்லை. இருந்தும் 5,000 ரூபாய்க்கு இரண்டு புதிய அறைகள் தோன்றின. பாட்டிக்கு அனுப்பும் தொகையில் கைவைப்பதில்லை என்பதில் நால்வரும் ஒருமனதாக இருந்தனர். மருத்துவத்துக்கு முன்னினும் 300 ரூபாய் கூடுதலாக ஒதுக்கினர். ஒரு மாதம் எவருக்கும் காய்ச்சல் வரவில்லை என்பதால் மறுமாதமும் வராது என்று கொள்ள முடியாது அன்றோ? வெளியுணவை அடியோடு நிறுத்தவில்லை; மாதம் ஒருமுறை என்று வரையறுத்தனர்.

காய்கறிச் செலவைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு விவாதம் எழுந்தது. தில்லியில் சின்ன வெங்காயத்துக்கும் முருங்கைக்காய்க்கும் விலை மிகுதி.

"அவற்றை விட்டுவிட்டால் என்ன?" என்றார் தந்தை.

"வாரம் ஒருநாள் சாம்பாராவது நம் ஊர்ச் சாம்பாராக இருக்கட்டும். மற்ற காய்களை வாரச் சந்தையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றார் தாய்.

அவ்வாறே முடிவாயிற்று. எதைக் குறைப்பது என்பதைப் போலவே எதைக் குறைக்கக் கூடாது என்பதையும் குடும்பம் கூடித் தீர்மானிக்க வேண்டும்.

மாதந்தோறும் வராத செலவுகள்

சில செலவுகள் மாதந்தோறும் ஒரே அளவில் வருவதில்லை. தில்லியின் குளிர்காலத்தில் நீர் சூடாக்கும் கருவி நாள்தோறும் இயங்கும். 2,000 வாட் திறனுள்ள கருவி அரைமணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். நாள்தோறும் அரைமணி என்றால் மாதத்துக்கு 30 யூனிட். கோடையில் குளிர்விப்பானும் மின்விசிறியும் ஓயாது சுழலும். எனவே மின்கட்டணம் குறைவாக வரும் மாதங்களில் அந்த அறையில் எஞ்சும் பணத்தை வேறொன்றுக்கு எடுத்துவிடாமல், கட்டணம் மிகும் மாதங்களுக்காக அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

ஊர்ப் பயணமும் அத்தகையதே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவை மாதங்களால் வகுத்துச் சேர்க்க வேண்டும். புதுதில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். மகள் பயணச் செலவை இவ்வாறு மதிப்பிட்டாள்.

தில்லி – சென்னை தொடர்வண்டிக் கட்டணம் (நால்வர், இரு வழி) – 17,000
சென்னை – தஞ்சாவூர் (நால்வர், இரு வழி) – 2,400
வழியுணவும் சிறு செலவுகளும் – 2,600
மொத்தம் – 22,000

சூலை முதல் மே வரை பதினொரு மாதங்கள். 22,000 ரூபாயைப் பதினொன்றால் வகுத்தால் மாதம் 2,000 ரூபாய். திட்டத்தில் அத்தொகை ஒதுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

முதலில் அவள் தம்பிக்கு அரைக்கட்டணம் என்று கணக்கிட்டிருந்தாள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை இடம் கேட்டால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விதி. முப்பது மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தனி இடம் தேவை. தந்தை இவ்விதியை எடுத்துக் கூறியதும் அவள் கணக்கைத் திருத்தினாள்.

நாளையும் கணக்கிட வேண்டியிருந்தது. பயண நாளுக்கு 60 நாள்களுக்கு முன்பு முன்பதிவு தொடங்கும். 2024 நவம்பருக்கு முன்பு அது 120 நாள்களாக இருந்தது. மே மாத நடுவில் புறப்பட வேண்டுமானால் மார்ச் மாத நடுவிலேயே பயணச்சீட்டுக்குப் பணம் கையில் இருக்க வேண்டும். அதற்குள் பயண நிதியில் 18,000 ரூபாய் சேர்ந்திருக்கும் என்பதால் அவர்களுக்குக் கவலை இல்லை.

இடர் வந்தபோது

நவம்பர் மாதம் பாட்டி வீட்டுத் திண்ணைப் படியில் இடறி விழுந்தார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. தந்தை உடனே புறப்பட வேண்டியதாயிற்று. பயணத்துக்கும் மருத்துவத்துக்குமாக 11,000 ரூபாய் செலவாயிற்று. சூலை முதல் நவம்பர் வரை ஐந்து மாதங்களில் இடர்கால நிதியில் 15,000 ரூபாய் சேர்ந்திருந்தது. செலவு போக 4,000 ரூபாய் எஞ்சியது. பயண நிதி தொடப்படாமலே இருந்தது.

அந்நிதி இல்லாதிருந்தால் 11,000 ரூபாயைக் கடனாக வாங்கியிருப்பர். மூன்று வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்றால், மாதந்தோறும் 330 ரூபாய் கட்ட வேண்டும். அசலைத் திருப்பித் தரும்வரை அது தொடரும். ஓராண்டில் வட்டி மட்டும் 3,960 ரூபாய் ஆகும். அது பாட்டிக்கு ஒரு மாதம் அனுப்பும் தொகைக்கு ஏறக்குறையச் சமம்.

பாட்டியின் காலில் எலும்பு முறிவு இல்லை; சில வாரங்களில் நடக்கத் தொடங்கினார். மருத்துவமனையில் மகன் பணத்துக்காக எவரிடமும் தொலைபேசியில் பேசாமல் தம் அருகிலேயே அமர்ந்திருந்ததை அவர் கவனித்தார். "கையில் வைத்திருந்தாயா, அப்பா?" என்று கேட்டார். "வைத்திருந்தோம், அம்மா" என்றார் மகன்.

சிக்கனமும் கஞ்சத்தனமும்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தேவையானதற்கும் செலவிடாமல் இருப்பது கஞ்சத்தனம். தேவையானதற்குச் செலவிட வேண்டும் என்பதற்காகத் தேவையற்றதைத் தவிர்ப்பது சிக்கனம். மேற்கண்ட திட்டத்தில் நண்பர் வீட்டு அன்பளிப்புக்கு முன்பு ஆன 500 ரூபாய்க்குப் பதிலாக 700 ரூபாய் ஒதுக்கப்பட்டது. உற்றார் அருகில் இல்லாத ஊரில் நண்பர்களே உறவினர் என்று தாய் கருதினார்.

இன்னொன்றையும் மறத்தலாகாது. கணக்கு எழுதுவதால் வருவாய் பெருகிவிடாது. எவ்வளவு கருத்தாகச் செலவிட்டாலும் போதாத வருவாயில் வாழும் குடும்பங்கள் உண்டு. அவ்வீடுகளில் பற்றாக்குறைக்குக் காரணம் வீண்செலவு அன்று. அத்தகைய வீட்டில் பணத்தை எங்கே இழக்கிறோம் என்று தேடுவதைவிட, எவ்வளவு போதவில்லை என்பதைத் திட்டமாக அறிவதே கணக்கின் பயன். எனவே ஒருவர் மற்றொருவரின் செலவைப் பார்த்து இகழ்தல் தகாது.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இக்கருத்தைக் கூறியுள்ளார். பொருள் வரும் வழி சிறியதாக இருந்தாலும் தீங்கில்லை. அது போகும் வழி அதனினும் அகலாமல் இருந்தால் போதும் என்பது அவர் கருத்து. தன் வலிமையின் அளவை அறிதல் பற்றிய அதிகாரத்தில் இக்கருத்து இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது. வருவாயின் அளவை அறிதலும் ஒரு வலிமையே.

மார்ச் மாதத்தில் முன்பதிவு தொடங்கிய நாளன்று காலையில் நால்வருக்கும் பயணச்சீட்டு கிடைத்தது. அன்று முதல் மகன் பாட்டிக்குச் சொல்ல வேண்டியவற்றைத் தமிழில் எழுதிப் பழகுகிறான். குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் அதற்குப் பயன்படுகின்றன.

தெரிந்துகொள்க

• 1957 ஏப்ரல் 1க்கு முன்பு இந்தியாவில் ஒரு ரூபாய்க்குப் 16 அணா. அன்று முதல் ஒரு ரூபாய்க்கு 100 காசு என்னும் முறை வந்தது.
• அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்தியாவில் 1882இல் தொடங்கப்பட்டது. பத்து வயது நிறைந்த சிறுவரும் சிறுமியரும் அதில் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம்.

அருஞ்சொற்பொருள்

வரவு – வருமானமாக வரும் பணம்
இருப்பு – செலவு போக எஞ்சியிருக்கும் தொகை
பேரேடு – கணக்குகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுதும் ஏடு
ஐந்தொகை – சொத்தையும் கடனையும் தொகுத்துக் காட்டும் கணக்கு
சிறுவாடு – பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த தனிப்பணம்
அசல் – கடனாகப் பெற்ற முதல் தொகை
இடர் – துன்பம்
திட்டமாக – உறுதியாக, சரியாக

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. வரவறிந்து
2. கையிருப்பு
3. ஒவ்வோர் ஆண்டு
4. பயணச்சீட்டு

ஆ. எதிர்ச்சொல் எழுதுக.
1. வரவு
2. மிகுதி
3. சிக்கனம்
4. புதிய

இ. எண்களைத் தமிழ்ச் சொற்களால் எழுதுக.
(எடுத்துக்காட்டு: 48,000 – நாற்பத்தெட்டாயிரம்)
1. 5,600
2. 11,000
3. 22,000
4. 3,960

ஈ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. விடுதலை இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்தவர் யார்?
2. சிறுவாடு என்பது யாது?
3. சூன் மாதத்தில் இருப்பு இல்லாமற்போனது ஏன்?
4. மார்ச் மாதத்திலேயே பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டது ஏன்?

உ. ஐந்தாறு தொடர்களில் விடையளிக்க.
1. குறிப்பேட்டின் நான்காம் விதியை நீக்கிவிட்டால் என்ன நேரும்?
2. வரவு செலவுத் திட்டம் அஞ்சறைப்பெட்டியோடு எவ்வாறு ஒப்பிடப்படுகிறது?
3. சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக.

ஊ. கணக்கிட்டு விடை எழுதுக.
1. நவம்பருக்குப் பின்னும் இடர்கால நிதியில் மாதம் 3,000 ரூபாய் சேர்த்தால், மார்ச் மாத முடிவில் அந்நிதியில் எவ்வளவு இருக்கும்?
2. தந்தை மாதத்தில் ஐந்து முறை மட்டும் ஆட்டோவில் சென்றால், சூன் மாதத்தைவிட எவ்வளவு மிச்சமாகும்?

எ. செயல்திட்டம்
ஏழு நாள்களுக்கு வீட்டின் ஒரு செலவை மட்டும் (பால், காய்கறி, மின் அளவியில் காணும் யூனிட் ஆகியவற்றுள் ஒன்று) நாள்தோறும் குறித்து வருக. அதிலிருந்து அறிந்துகொண்ட ஒரு செய்தியை ஐந்து தொடர்களில் எழுதுக. வீட்டின் வருவாயை வகுப்பில் கூற வேண்டியதில்லை.

ஏ. கடிதம் எழுதுக
சொந்த ஊரிலுள்ள தாத்தாவுக்கோ பாட்டிக்கோ, தாம் சேமித்த பணத்தில் செய்ய விரும்பும் ஒரு செயலைப் பற்றித் தமிழில் கடிதம் எழுதுக.